வேலை உண்டு, வேலைநாள் இல்லை

கட்டுமாவடியில் தொடங்கி அரசங்கரை வரையில், பாக் விரிகுடாவின் ஓரமாகப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கெல்லையில் வரிசையாக அமைந்திருக்கும் 32 மீனவக் கிராமங்களிலே, விசைப்படகில் கூலிக்கும் பங்குக்கும் தொழில் செய்து ஜீவனம் நடத்தும் குடும்பங்களுக்கு, ஏப்ரல் 15-ஆம் தேதி என்பது சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் என்பதைக் காட்டிலும், அடுப்பைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்க வேண்டிய நாள் என்றே நினைவில் நிற்கிறது. அன்று முதல் ஜூன் 14 முடிய 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது அரசாங்கம் விதித்துள்ள தடை. அந்தப் படகுகளில் உழைப்பவரை எவரும் வேலையை விட்டு நீக்கவில்லை. படகு இருக்கிறது, படகுக்காரர் இருக்கிறார், தடை நீங்கியதும் பழைய ஆட்களே வந்து சேர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. ஆயினும் இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்கும் கூலி என்று ஒரு காசு கிடையாது. இவரை வேலையுள்ளவர் என்று சொல்வதா, வேலையற்றவர் என்று சொல்வதா? நமது சட்டங்களும் புள்ளிவிவரங்களும் இந்தக் கேள்விக்குத் திட்டமான விடையைச் சொல்லாமல் நழுவிப் போவதனாலேயே, ஆண்டில் பலமுறை வேலை இழந்து பலமுறை வேலைக்குத் திரும்பும் இந்த ஜனங்கள், வேலையுள்ளவருக்குரிய ஊதியமும் இன்றி, வேலையற்றவருக்குரிய பாதுகாப்பும் இன்றி இடைநடுவில் நிற்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. மீன்பிடித் தடைக்காலத்தை ஆட்சேபிப்பது இக்கட்டுரையின் உத்தேசமன்று. மீனும் இறாலும் இனம் பெருக்கும் பருவத்தில் இழுவைமடி கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகுமானால், இன்றைய மீன்பாட்டுக்காக நாளைய மீன்பாட்டைப் பறிகொடுத்தவர்களாவோம் என்பதை, அலுவலகத்தில் அமர்ந்து விதி எழுதுபவரைக் காட்டிலும், அந்த மடியைக் கையால் இழுத்துப் பழகிய தொழிலாளர்களே நன்கு அறிவார்கள். தமிழகத்தின் கிழக்குக் கரையில் 2001 முதல் 45 நாட்களாக இருந்த தடை, 2017-இல் 61 நாட்களாயிற்று. கடலுக்கு அது நன்மை; மீன் உண்ணும் நமக்கெல்லாம் நன்மை; ஏற்றுமதி வியாபாரிக்கும் நாளடைவில் நன்மை. இத்தனை பேருக்கும் பொதுவான ஒரு நன்மைக்குரிய செலவு முழுவதையும், நாள் கூலியைத் தவிர வேறு ஆஸ்தி ஏதும் இல்லாத ஒரு வர்க்கத்தின் தலையில் இறக்கிவைப்பது எந்த நியாயத்தில் சேரும் என்பதுதான் நம் முன்னுள்ள கேள்வி.

தடைக்காலம் மட்டுமே என்றால்கூட ஒருவாறு பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். பாக் விரிகுடாவின் விசேஷ நிலைமை என்னவென்றால், தடையில்லாத மாதங்களிலும் விசைப்படகுத் தொழிலாளிக்கு வாரத்தில் மூன்று நாட்களே தொழில். ஆழம் குறைந்த இந்தச் சிறிய கடலை நாட்டுப்படகுகளும் விசைப்படகுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி கரையோரத்து மூன்று கடல்மைல் தூரம் நாட்டுப்படகுகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பதோடு, நாட்களையும் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக நிலைத்துவிட்டது: திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, எஞ்சிய நான்கு நாட்கள் நாட்டுப்படகுக்கு. இந்தக் கரையின் விசைப்படகுத் துறைகளான ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் இதுதான் நியதி. ஆண்டின் 365 நாட்களில் தடைக்காலத்து 61 நாட்களைக் கழித்தால் மீதி 304. அதில் வாரத்துக்கு மூன்று நாள் வீதம் கணக்கிட்டால், ஒரு புயல் எச்சரிக்கைகூட இல்லாத, ஒரு வேலைநிறுத்தம்கூட நிகழாத, எந்திரம் ஒருமுறையும் பழுதாகாத மகா பாக்கியசாலியான ஒரு தொழிலாளிகூட, ஆண்டுக்கு 130 தடவைதான் கடலுக்குப் போய்வர முடியும்.

அப்படியொரு ஆண்டு வாய்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், வங்கக் கடலில் எங்கோ ஓரிடத்தில் காற்றழுத்தம் தாழ்ந்தது என்ற செய்தி வந்தவுடனே படகுகள் கடலுக்குச் செல்வதற்கான டோக்கன் வழங்குவதை மீன்வளத் துறை நிறுத்திவிடும். நிறுத்துவதும் நியாயமே, உயிரைப் பணயம் வைத்து எவரையும் அனுப்பலாகாது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்து ஆட்களைச் சிறைவைத்தால், அவர்களை விடுவிக்கக் கோரி மற்றவர்கள் தொழிலை நிறுத்திப் போராடுவார்கள். அந்த நாட்களும் கூலியில்லா நாட்களே. பிடிபட்ட படகு அங்கேயே அரசுடைமையாகி, வடபுலத்துத் துறைமுகம் ஒன்றில் உளுத்துப்போகுமானால், அந்தப் படகை நம்பியிருந்த ஐந்தாறு குடும்பங்கள் வேறு படகு தேடி அலைய வேண்டியதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், இந்தக் கரையின் படகுகளையும் வலைகளையும் மட்டுமா குலைத்தது? கடல் தொழில் இல்லாத நாட்களில் கீழத்தஞ்சைக்கும் பேராவூரணிப் பக்கத்துக்கும் போய்த் தேங்காய் பறித்தும் மட்டை உரித்தும் நாலு காசு பார்த்தவர்களுக்கு, அந்தத் தென்னந்தோப்புகளையும் ஒரே இரவில் இல்லாமல் ஆக்கிவிட்டுப் போயிற்று. ஒரு தொழில் ஓய்ந்தால் மறு தொழில் கைகொடுக்கும் என்ற ஏற்பாடு, இரண்டும் ஒருசேர ஓயும் காலத்தில் எவ்வளவு பலவீனமானது என்பதை அன்று கண்டோம்.

இத்தனை இடைவெளிகளையும் இந்தக் குடும்பங்கள் எவ்வாறு கடந்து வருகின்றன? இந்த இடத்தில்தான் வெளியூர் வாசகர் அறிந்திராத ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசைப்படகில் சேரும் தொழிலாளி படகுக்காரரிடம் முன்பணம் வாங்குகிறார். அட்வான்ஸ் என்றுதான் கரையில் சொல்வார்கள். மகளின் கல்யாணம், வீட்டுக் கூரை, பிரசவச் செலவு என்று ஏதோ ஒரு அவசியத்தில் தொடங்கும் அந்தத் தொகை, தடைக்காலத்தில் அரிசிக்கும் பருப்புக்குமாக மேலும் வளர்கிறது. டீசல், ஐஸ், பேட்டா ஆகிய செலவுகளைக் கழித்துப் பங்கு பிரிக்கும்போது சிறிது சிறிதாகப் பிடித்தம் செய்யப்பட்டாலும், பாடு இல்லாத நாட்களில் பிடித்தமும் இல்லை, பங்கும் இல்லையாகையால், கடன் மட்டும் கரையாமல் நிற்கிறது. கணக்கை முடிக்காமல் வேறு படகுக்குப் போக முடியாது. போவதானால் புதிய படகுக்காரர் பழைய கடனை அடைத்து அழைத்துக்கொள்ள வேண்டும். ஆக, வேலையில்லா நாட்களில் இவருக்குக் கிடைக்கும் ஒரே வேலையிழப்புப் படி, அவரே வட்டியாகத் தன் சுதந்திரத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் கடன்தான்.

படகுக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் வங்கியிலோ வியாபாரியிடமோ கடன்பட்டவர். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, வர்ணம் அடித்து, எந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் செலவு அவருக்கும் இருக்கிறது. பலர் தம்மிடம் வேலை செய்பவர்களை அந்த இரண்டு மாதமும் கைவிடாமல் தாங்குகிறார்கள் என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் ஒரு மனிதரின் நல்ல மனத்தைச் சமுதாயத்தின் ஏற்பாடாகக் கருதிக்கொண்டு அரசாங்கம் ஒதுங்கி நிற்பது தகுமா?

மே மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் கட்டுமாவடிக்குப் போய்ப் பார்த்தால் இந்த நிலைமையின் மறுபக்கமும் புலப்படும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீன் மார்க்கெட்டிலே தடைக்காலத்திலும் ஏலம் நிற்பதில்லை; நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லையாதலால், நண்டும் கணவாயும் முரலும் வந்துகொண்டே இருக்கும். வரத்து குறைந்திருப்பதால் ஏலக்காரரின் குரல் உயர உயர விலையும் உயரும்; அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்து வியாபாரிகள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கேட்பார்கள். நாட்டுப்படகுக்காரருக்கு அது நல்ல காலம். கிடைக்கட்டும், ஆண்டில் அவர்களுக்கும் நல்ல காலம் அதிகம் இல்லை. ஆனால் அதே மார்க்கெட்டின் ஓரத்தில், ஐஸ் பாளத்தை மரச்சுத்தியால் உடைத்துப் பெட்டிகளில் அள்ளிப்போட்டுக்கொண்டும், நனைந்த பெட்டிகளைத் தோளில் சுமந்து வேனில் ஏற்றிக்கொண்டும் சில பேர் இருப்பார்கள். அவர்களுடைய உள்ளங்கைகளைப் பார்த்தால், மடிக் கயிறு ஆண்டுக்கணக்கில் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன குறுக்குக் கோடுகள் தெரியும். கடலில் அனுபவம் முதிர்ந்த தொழிலாளர்கள், கரையில் சில்லறைக் கூலிக்கு நிற்கும் கோலம் அது. வேறு சிலர் கேரளத்துக்குப் போயிருப்பார்கள். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குமாகையால், இங்கே படகு நிற்கும் காலத்தில் அங்கே படகு ஓடும். இன்னும் சிலர் வளைகுடா நாடுகளின் படகுகளுக்கு.

வீட்டிலே இருக்கும் பெண்களின் பாடு இதற்கும் மேலே. மீன் தரம் பிரிப்பதும், கூடையில் வாங்கி ஊரூராய்க் கொண்டுபோய் விற்பதும், கருவாடு போடுவதும் விசைப்படகு கரைசேர்ந்தால்தான் முழு அளவில் நடக்கும். படகு நின்றால் கணவனுடைய கூலியும் மனைவியுடைய கூலியும் ஒரே நாளில் நிற்கும். இந்நிலையில் குழுக் கடனுக்கு வாரத் தவணை வசூலிக்க வருபவர் மட்டும் வாரந்தவறாமல் வருகிறார். கடல் மூன்று நாள் திறந்து நான்கு நாள் மூடும். இரண்டு மாதம் முற்றாக மூடும். தவணையோ ஒரு வாரமும் மூடுவதில்லை. ஒழுங்கற்ற வருமானத்தின் மீது ஒழுங்கான கடனை ஏற்றிவைத்தால், நடுவில் அறுபடுவது தாலிக்கொடிதான். அடகுக் கடையில் அது ஏப்ரல் கடைசியில் ஏறி, ஆடி ஆவணியில் மீண்டால் அதிர்ஷ்டம்.

நமது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலே இந்தத் துயரம் எங்கே பதிவாகிறது என்று தேடினால், கிடைப்பது ஏமாற்றமே. நடப்பு வார நிலை என்னும் இன்றைய அளவுகோலின்படி, கடந்த ஏழு நாட்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தால் போதும், அவர் வேலையுள்ளவர். ஆகவே திங்கட்கிழமை கடலுக்குப் போய்விட்டு மற்ற ஆறு நாளும் கரையில் குந்தியிருப்பவரும், தடைக்காலத்தில் ஒரு காலைப்பொழுது ஐஸ் உடைத்தவரும், ஆறு நாளும் முழுச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவும் அந்தக் கணக்கிலே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இந்த அநீதியை முன்னோர் உணராமலில்லை. பொருளாதார அறிஞர் தந்த்வாலா தலைமையிலான குழு 1970-இல் அளித்த அறிக்கையை அடியொற்றி, ஒருவருடைய வாரத்தை அரை நாள் அரை நாளாகப் பிரித்து, எத்தனை அரை நாட்கள் வேலை, எத்தனை அரை நாட்கள் வேலையின்மை என்று கணக்கிடும் நடப்பு தின நிலை என்னும் முறை 1972-73 முதல் கையாளப்பட்டது. ஏழை நாட்டிலே வேலையின்மை என்பது மனிதருக்கு மனிதர் வேறுபடுவதல்ல, நாளுக்கு நாள் வேறுபடுவது என்ற உயரிய உண்மையைக் கண்டுகொண்ட முறை அது. அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வாரக் கணக்கையே பறைசாற்றுவதால், நாட்களை இழந்தவர்கள் அனைவரும் கணக்கிலிருந்தே காணாமற் போகிறார்கள்.

வேலையில் இருந்துகொண்டே வேலை இழப்பவருக்கு ஈடு தர வேண்டும் என்பது இந்நாட்டுக்குப் புதிய சித்தாந்தமா என்றால், அதுவுமில்லை. 1953-இல் ஜவுளி ஆலைகளிலே சரக்கு தேங்கி, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்ட நிலைமை ஏற்பட்டபோது, 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் அவசரமாகத் திருத்தப்பட்டது. அதன்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை மூலப்பொருள் இன்மை, எந்திரப் பழுது முதலிய காரணங்களால் லே-ஆஃப் செய்தால், அவர் பெயர் வருகைப் பட்டியலில் இருக்கும்போதே, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியை அவருக்குத் தர வேண்டும். வேலையும் உண்டு, வேலையிழப்புப் படியும் உண்டு என்னும் கோட்பாடு அன்றே சட்டமாயிற்று. ஆனால் 50 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்துக்கும், பருவகாலத் தொழிலுக்கும் அது பொருந்தாது என்று விலக்கும் அதிலேயே இருந்தது. எழுபதாண்டுகளுக்குப் பின், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அந்தப் பாதிச் சம்பளத்தையும் அந்த 50 பேர் வரம்பையும் அந்தப் பருவகால விலக்கையும் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. பருவத்தால் வேலை இழப்பவருக்கே இந்தப் பாதுகாப்பு முதலில் வேண்டும்; பருவத்தால் வேலை இழக்கிறார் என்பதையே காரணமாகக் காட்டி அவருக்கு அது மறுக்கப்படுகிறது.

தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தின் கீழ் 2018 ஜூலை முதல் உள்ள அடல் திட்டத்தைப் பாருங்கள். சராசரி நாள் ஊதியத்தில் முதலில் கால் பங்கும், 2020-க்குப் பின் பாதியுமாக, 90 நாட்கள் வரை வேலையிழப்பு நிவாரணம் அதிலே உண்டு. ஆனால் ஆயுளில் ஒரே ஒரு முறை. ஆயுளில் ஒரு முறை மட்டுமே வேலை இழக்கும் மனிதர் எந்த ஊரில் இருக்கிறார்? 2019 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வாகன விற்பனை சரிந்து, எண்ணூரிலும் ஓசூரிலும் தொழிற்சாலைகள் நாட்கணக்கில் உற்பத்தியில்லா நாட்களை அறிவித்தபோது, ஒப்பந்தத் தொழிலாளர்களும் இந்தக் கரையின் மீனவர்கள் நின்ற இடத்திலேயே வந்து நின்றார்கள். கடற்கரைக்கு மட்டும் உரிய பிணியன்று இது.

இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு நமது துறைமுகங்களிலேயே இருந்திருக்கிறது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்றிருந்த துறைமுகக் கூலிகளுக்காக 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டு, பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் வாரியங்கள் அமைந்தன. பெயர் பதிவு செய்த தொழிலாளி காலையில் வந்து நின்று, கப்பல் இல்லாததால் வேலையின்றித் திரும்பினால், வந்து நின்றதற்காகவே அவருக்கு வருகைப்படி உண்டு; மாதத்துக்கு இத்தனை நாள் கூலி நிச்சயம் என்ற உறுதியும் உண்டு. அந்தச் செலவுக்கு, துறைமுகத்தைப் பயன்படுத்திய முதலாளிகள் அனைவரிடமும் வரி போல ஒரு தொகை வசூலிக்கப்பட்டது. தனி முதலாளி ஒருவரால் தாங்க முடியாத சுமையைத் தொழில் முழுவதும் சேர்ந்து தாங்குவது என்பதே அதன் தத்துவம். கடலில் இருந்து இறக்கும் சரக்குக்கு ஆன இந்த நியாயம், கடலில் இருந்து இறக்கும் மீனுக்கு ஏன் ஆகாது?

இப்போதிருக்கும் நிவாரணத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு இந்த விஷயத்திலே மற்ற மாநிலங்களுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். மீன்பிடிப்புக் குறைந்த மழைக்காலத்துக்கு 6,000 ரூபாய் உண்டு. தவிர, மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய, மாநில அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டமும், மீனவ மகளிருக்கு அதையொத்த திட்டமும் இருக்கின்றன. இவற்றை அற்பமென்று தள்ளுவது தவறு. ஆனால் 8,000 ரூபாயை 61 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 131 ரூபாய். அதே தமிழ்நாட்டில் 2025-26-இல் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் பாதியை, அதாவது ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் வழங்கும் அதே பாதி என்ற விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால்கூட, 61 நாளுக்கு 10,248 ரூபாய் ஆகிறது. வித்தியாசம் தாங்க முடியாத பெருந்தொகை அல்லவே. பெரிய வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது: இந்த நிவாரணம் தொழிலாளிக்கு அல்ல, குடும்பத்துக்கு. ஒரே குடும்ப அட்டையில் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் படகில் போகிறவர்களாக இருந்தால், மூன்று பேருடைய வேலை நின்றதற்கும் ஒரே தொகைதான். அதுவும், படகுகள் மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த ஆண்டுகள் உண்டு. பசி தீர்ந்த பின் வரும் சோறு கடனுக்கு வட்டி கட்டத்தான் உதவும்.

நிவாரணம் வாங்கிக்கொண்டே இவர்கள் வேறு வேலைக்கும் போகிறார்களே, இது முறையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி பாமரத்தனமானதன்று; பொதுப் பணம் என்பதால் கேட்கவே வேண்டும். ஆனால் நாளொன்றுக்கு 131 ரூபாய் கொடுத்துவிட்டு, நீ வேறெங்கும் உழைக்காமல் வீட்டிலேயே முடங்கிக் கிட என்று ஒரு குடும்பஸ்தரிடம் சொல்லும் தார்மீக உரிமை யாருக்கு இருக்கிறது? ஐஸ் உடைத்து முந்நூறு ரூபாய் கொண்டுவந்தவரின் வீட்டில் அன்று உலை கொதித்தது என்பதற்காக, அவர் இழந்த கடல் தொழிலின் இழப்பு தீர்ந்துவிடுகிறதா? ஜெர்மனியில் குறுவேலை ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறது. ஆலையில் வேலை நேரம் குறைக்கப்பட்டால், தொழிலாளியை வேலையை விட்டு அனுப்பாமலே, அவர் இழந்த நிகர ஊதியத்தில் 60 சதவீதத்தையும், குழந்தையுள்ளவராயின் 67 சதவீதத்தையும் அரசு ஈடு செய்கிறது. 2020 வசந்த காலத்தில் சுமார் 60 லட்சம் பேர் இவ்வாறு பாதி வேலையும் பாதி நிவாரணமுமாக வாழ்ந்தார்கள். அங்கே அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. தொழில் தெரிந்த ஆட்களைத் தொழிலோடு இணைத்து வைக்கும் ராஜதந்திரம் என்றே மதித்தார்கள். ஜெகதாப்பட்டினத்தில் தேர்ந்த டிரைவர் ஒருவர் தடைக்காலக் கடனுக்குப் பயந்து வளைகுடாவுக்குப் போய்விட்டால், அவருடைய முப்பதாண்டுக் கடலறிவு இந்தக் கரைக்கு நஷ்டம்தானே.

பிரேசில் நாட்டின் உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. மீன் இனம் பெருக்கும் காலத்தில் அங்கும் தடை உண்டு. ஆனால் 1991-இல் அந்த நாடு இயற்றிய சட்டம், தடைக்காலத்தில் கரையில் நிற்கும் சிறு மீனவரை வேலையில்லாக் காப்பீட்டுக்கு உரியவராகவே அங்கீகரித்தது. தடை எத்தனை மாதமோ அத்தனை மாதத்துக்கும், நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் முழுவதும் அவருக்குச் சேரும். அதிலே முறைகேடுகள் புகுந்ததும், விதிகள் பிற்பாடு இறுக்கப்பட்டதும் உண்மை. ஆயினும் அந்தச் சட்டத்தின் உயிர்நிலை ஒன்றை நாம் கவனிக்க வேண்டும்: அது மீனவருக்கு வழங்கியது நிவாரணம் அல்ல, உரிமை. நிவாரணத்தை உயர்த்துவதும் குறைப்பதும் மாநாட்டு மேடையின் அறிவிப்பைப் பொறுத்தது. உரிமையின் அளவோ சம்பளம் உயர உயரத் தானாகவே உயரும். நமது அரசியல் சாசனத்தின் 41-ஆம் ஷரத்து, வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய காலங்களில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு தன் சக்திக்குட்பட்டு வழிசெய்ய வேண்டும் என்று பணிப்பதும் இதைத்தானே?

நம்மால் இது ஆகுமா என்றால், ஆகும். எந்தப் படகு எந்த நாளில் கடலுக்குப் போயிற்று, எந்த நாளில் டோக்கன் மறுக்கப்பட்டது என்ற கணக்கு மீன்வளத் துறையிடமே இருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கடலோர மீனவர்களுக்குக் கைரேகையுடன் கூடிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டுவிட்டன. 2007 முதல் மீனவர் நல வாரியம் இயங்கி வருகிறது. இலங்கைச் சிறையில் அடைபட்ட மீனவரின் குடும்பத்துக்கு, அவர் சிறையிலிருக்கும் நாட்களை எண்ணி, நாள் வீதத்தில் படி வழங்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. சிறையில் கழிந்த நாளை எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு, கரையில் கழிந்த நாளை எண்ண முடியாதா? படகுக்குப் படகு வேலை செய்பவர்களின் பட்டியலை எழுதி, அரசாங்கத்தின் ஆணையால் தொழில் நின்ற ஒவ்வொரு நாளுக்கும், அதாவது தடைக்காலத்து நாளுக்கும் புயல் எச்சரிக்கை நாளுக்கும், கிராமப்புறத் தினக்கூலியில் பாதியைத் தொழிலாளியின் பெயரிலேயே செலுத்துவது என்ற ஏற்பாட்டை முதலில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். பணத்துக்குத் தொழிலாளி சிறிது, படகுக்காரர் சிறிது, ஏலத்தில் கொள்முதல் செய்யும் வியாபாரியும் ஏற்றுமதியாளரும் சிறிது, மீதியை அரசு என்று பங்கிட்டுக்கொள்ளலாம். விற்பனை வரி விலக்குடன் டீசல் தரும் அரசு, படகின் எந்திரத்துக்குக் காட்டும் கரிசனத்தை அந்தப் படகில் உழைக்கும் மனிதருக்கும் காட்ட வேண்டும் என்று கேட்பது பேராசையன்று.

வரப்போகும் காலத்தை எண்ணினால் இதன் அவசியம் இன்னும் கூடுகிறது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடை செய்துவிட்டது. நம் படகுகள் அந்தக் கடலை அரித்தெடுப்பதால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள நம் தமிழ் மீனவர்களின் வலைகளே அறுபடுகின்றன என்ற உண்மையை நாமும் இனிமேல் மறுத்துக்கொண்டிருக்க இயலாது. இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 2017-இல் வந்த திட்டத்தில், 80 லட்ச ரூபாய் மதிப்புள்ள படகுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 70 சதவீதம் மானியம் அளிக்க முன்வந்தன. படகை மாற்றிக்கொள்பவருக்கு மானியம், சரி. அந்தப் படகில் இருபதாண்டு உழைத்தவருக்கு, புதிய தொழிலைக் கற்கும் காலத்தில் கூலி யார் தருவது? விரிகுடாவின் இழுவைப்படகுகள் என்றேனும் ஒரு நாள் குறைக்கப்படத்தான் போகின்றன. அந்த நாளில் நஷ்டஈட்டுப் பட்டியலில் எந்திரத்துக்கும் பலகைக்கும் மட்டும் விலை போட்டுவிட்டு, ஆட்களை விட்டுவிடக் கூடாது.

இந்தக் கரையிலிருந்து சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் செல்பவர்களை ஒன்று வேண்டுகிறேன். அடுத்த தடைக்காலம் தொடங்கும் முன், மீனவர் நல வாரியத்தையும் மீன்வளத் துறையையும் படகு உரிமையாளர்களையும் தொழிலாளர்களையும், மீன் விற்கும் பெண்களையும் விடாமல், கட்டுமாவடியிலோ மணமேல்குடியிலோ ஓரிடத்தில் அமரவைத்து, படகுவாரியாகத் தொழிலாளர் பட்டியலைத் தயாரியுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் முதல் மாதத்துத் தொகை ஏப்ரல் 15-ஆம் தேதிக்கு முன்பே அவரவர் கணக்கில் சேர வேண்டும்.